கப்பல் திடீர்னு சாஞ்சா கவிழ்ந்துடுமா? அப்பா அம்மாவை க்ரூஸ்ல அனுப்பலாமா?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு ரெண்டு பேரையும் சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற மூணு நாள் க்ரூஸ்ல அனுப்பலாம்னு டிக்கெட் எல்லாம் பார்த்து வச்சிருக்கீங்க, அந்த நேரம் பார்த்து யாரோ வாட்ஸப்ல ஒரு வீடியோவைத் தட்டி விட்டுட்டாங்க, அதுல டேபிள் சேர் மனுஷங்க எல்லாம் ஒரே பக்கமா வழுக்கிட்டுப் போறாங்க, இப்ப அம்மா "எனக்குக் கப்பலே வேண்டாம்டா"ங்கறாங்க. நீங்க கேட்டது "இவ்ளோ உயரமான கப்பல் சாஞ்சா கவிழ்ந்துடாதா"ன்னு. ஆனா அதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. கப்பலுக்கு என்ன ஆகும்ங்கறது ஒண்ணு, உள்ள நிக்கற அம்மாவுக்கு என்ன ஆகும்ங்கறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் பதில் வேற வேற, அதைக் குழப்பிக்கறதாலதான் இந்த வீடியோ பார்த்து எல்லாரும் தேவையில்லாத இடத்துல பயந்து, பயப்பட வேண்டிய இடத்தை விட்டுடறாங்க.

நான் யாருன்னு சொல்லிடறேன். மெர்சன்ட் நேவில இருபத்திரெண்டு வருஷம், கேடட்டா, அதாவது பயிற்சி ஆபீசரா ஏறி, கேப்டனுக்கு அடுத்த இடத்துல இருக்கற சீஃப் மேட்டா இறங்கினவன். சீஃப் மேட் வேலையே கப்பல் நேரா நிக்குதா, சரக்கு எப்படி ஏத்தணும், எந்த டேங்க்ல எவ்ளோ தண்ணி வைக்கணும்னு கணக்குப் போடறதுதான், அதனால சாய்வு விஷயத்துல தைரியமா பேசுவேன். ஆனா என் சர்வீஸ் முழுக்க பல்க் கேரியரும் (மூட்டை கட்டாம சரக்கைக் கொட்டி ஏத்தற கப்பல்) எண்ணெய் மாதிரி திரவம் ஏத்தற டேங்கரும். க்ரூஸ் கப்பல்ல பயணியா ஒரே ஒரு தடவை போயிருக்கேன், அதுலயும் லைஃப் போட் எண்ணிட்டே திரிஞ்சேன்னு வீட்டுக்காரம்மா இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அதனால கப்பலோட நடத்தை, விதிமுறை இதெல்லாம் நான் சொல்றதை அப்படியே நம்பலாம், மூவாயிரம் பயணிகளை எப்படி சமாளிக்கறாங்கங்கறதுல நானும் விசாரணை அறிக்கைகளைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன்தான்.

நாங்க "சாய்வு"ன்னு ஒரே வார்த்தையா சொல்ல மாட்டோம். அலையில இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடறது ரோல். காத்தோ திருப்பமோ வெளியில இருந்து அமுக்கி சாய்க்கறது ஹீல், அமுக்கறது நின்னா கப்பல் தானா நிமிர்ந்துடும். உள்ளயே எடை ஒரு பக்கம் போயிட்டதால, சரக்கு நகர்ந்தோ தண்ணி புகுந்தோ, சாஞ்சபடியே நிக்கறது லிஸ்ட். முதல் ரெண்டும் வயித்தைக் கலக்கும். மூணாவதுதான் ஆளைக் கொல்லும். வீடியோல மூணும் ஒரே மாதிரிதான் தெரியும், அதான் சிக்கல்.

உயரமா இருக்கறதால கவிழும்னு தோணறது நியாயம்தான், பதினஞ்சு மாடி மேல, தண்ணிக்குள்ள எட்டு ஒம்பது மீட்டர்தான் இருக்குன்னா யாருக்கும் தோணும். பலபேர் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை உதாரணம் சொல்லுவாங்க, அடி கனமா இருக்கறதால தள்ளினாலும் நிமிர்ந்துடும்னு. பாதி சரி. இஞ்சின், எண்ணெய், குடிதண்ணி, பேலஸ்ட் (கப்பல் நேரா நிக்க எடைக்காக வைக்கற தண்ணி) எல்லாம் அடியிலதான் இருக்கு, மேல் தளங்களை முடிஞ்சவரை லேசா கட்டுவாங்க, பார்க்க பதினஞ்சு மாடியா இருந்தாலும் எடைக் கணக்குல அந்த அளவு மேல இல்ல. ஆனா பொம்மை நிமிர்றதுக்கும் கப்பல் நிமிர்றதுக்கும் முக்கியமான வித்தியாசம் கப்பலோட அகலமான வயிறு. ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து வயிறு அதிகமா தண்ணிக்குள்ள போகுது, தண்ணி அங்க இருந்துதான் அதிகமா மேல தள்ளும், அந்தத் தள்ளல்தான் நிமிர்த்துது. ஒடுக்கமான வள்ளத்துல எழுந்து நின்னா கவிழும், அகலமான படகுல நாலு பேர் எழுந்து நடந்தாலும் ஒண்ணும் ஆகாதுல்ல, அதே கதை. சர்வதேச விதிப்படி கணக்குல, பயணிகள் எல்லாரும் ஒரே பக்கம் வந்து கூடினாலும் பத்து டிகிரியைத் தாண்டிச் சாயக்கூடாது, திருப்பத்துல சாயறதுக்கும் தனியா அதே பத்து டிகிரிதான் எல்லை.

அப்ப அந்தப் பத்தைத் தாண்டி எப்படிப் போகுதுன்னு கேட்டா, எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது க்ரௌன் பிரின்சஸ். 2006 ஜூலை 18, புளோரிடால போர்ட் கனாவெரல்ல இருந்து நியூயார்க் கிளம்பின கப்பல், சர்வீஸுக்கு வந்து ஒண்ணரை மாசம்கூட ஆகல, புத்தம் புதுசு. நல்ல வானிலை, அலையே இல்ல. கிளம்பி ஒரு மணி நேரம்தான் ஆச்சு, ஆழம் கம்மியான தண்ணியில வேகத்தைக் கூட்டிட்டே போறாங்க, ஆட்டோ பைலட் பிடிச்ச திசையில நிக்காம அப்படி இப்படி அலைபாயுது. ஆழம் கம்மியா இருக்கற இடத்துல வேகமா போனா ஸ்டீரிங் சொன்ன பேச்சு கேக்காது, இது எங்களுக்கெல்லாம் பால பாடம். கேப்டனும் அவருக்கு அடுத்த ஸ்டாஃப் கேப்டனும் ஆட்டோ பைலட் செட்டிங்கை மாத்திப் பார்த்துட்டு, அந்த அலைபாய்ச்சல் அடங்கறதுக்கு முன்னாடியே ப்ரிட்ஜை, அதாவது கப்பலை ஓட்டற அறையை விட்டுப் போயிட்டாங்க. பொறுப்புல செகண்ட் ஆபீசர். கப்பல் இடது பக்கம் சட்டுன்னு வேகமா திரும்ப ஆரம்பிச்சதும் பயந்து ஆட்டோவை எடுத்துட்டு வீலைக் கையில பிடிச்சார், முதல்ல திருப்பினது எந்தப் பக்கம்னா இடது பக்கமே. அப்புறம் வலது, மறுபடி இடது, இப்படிப் பல தடவை. கப்பல் வலது பக்கமா 24 டிகிரி சாஞ்சுது.

24 டிகிரின்னா பேப்பர்ல சின்ன நம்பர். தரையா யோசிங்க, பத்தடி தரைக்கு நாலடி ஏத்தம். அந்தக் கப்பல் அகலம் 36 மீட்டர், அப்படின்னா ஒரு பக்கத்து பால்கனிக்கும் எதிர்ப்பக்கத்து பால்கனிக்கும் உயர வித்தியாசம் பதினாலு மீட்டருக்கு மேல, நாலு மாடி. ஒரு பக்கம் ஜன்னல்ல வானம் மட்டும், இன்னொரு பக்கம் ஜன்னல்ல கடல் மட்டும் தெரியும். நீச்சல் குளத்துத் தண்ணி மொத்தமா வெளிய கொட்டுது, டிவி, பூந்தொட்டி, சேர் எல்லாம் பறக்குது. 298 பேருக்கு அடி, அதுல 14 பேருக்குப் பலமான அடி. ஆனா ஒருத்தரும் சாகல, கப்பலோட கட்டமைப்புக்குச் சேதம் இல்ல, நிமிர்ந்து, திரும்பி, அதே துறைமுகத்துக்குத் தன் சொந்த இஞ்சின்லயே போய்ச் சேர்ந்துது. உங்க அம்மாவுக்கு நான் சொல்ல வர்றது மொத்தமும் இந்த ஒரு சம்பவத்துல இருக்கு. கப்பல் தப்பிச்சுது, உள்ள இருந்தவங்கதான் அடிபட்டாங்க.

அந்த செகண்ட் ஆபீசரை எல்லாரும் திட்டறாங்க, எனக்கு மனசு வராது. கேடட்டா இருந்தப்ப திறந்த கடல்ல என்கிட்ட வீலைக் கொடுத்தாங்க, 180 மீட்டர் பல்க் கேரியர். அஞ்சு டிகிரி கொடுத்தேன், ஒண்ணும் நடக்கல, பத்து கொடுத்தேன், அப்பவும் ஒண்ணும் நடக்கல, இன்னும் கொடுக்கலாம்னு நினைக்கும்போது கப்பலோட முன்பக்கம் மெதுவா திரும்ப ஆரம்பிச்சுது, அப்புறம் நிக்கவே இல்ல. பதறிப்போய் எதிர்ப்பக்கம் முழுசா வெட்டினேன். பின்னாடி நின்ன செகண்ட் மேட், தூத்துக்குடிக்காரர், என் கையை வீல்ல இருந்து பிடிச்சு எடுத்துட்டு "எலேய், கப்பல் உன் டிவிஎஸ் பிஃப்டி இல்லலே"ன்னார். கப்பல் நாம சொன்னதை அரை நிமிஷம் கழிச்சுத்தான் கேக்கும், அதுக்குள்ள நாம மூணு தடவை மனசு மாறியிருப்போம். அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. பஸ் வளைவுல திரும்பினா நாம வெளிப்பக்கம் சாயற மாதிரி கப்பலும் திருப்பத்துக்கு வெளிப்பக்கம்தான் சாயும், வேகம் ரெண்டு மடங்கானா அதே வளைவுல சாய்க்கற விசை நாலு மடங்கு. அந்த நேரத்துல சுக்கான் (தண்ணிக்குள்ள இருந்து கப்பலைத் திருப்பற பலகை) மட்டும் அடியில இருந்து கொஞ்சம் எதிர்ப்பக்கமா பிடிச்சுக்கிட்டு இருக்கும், பதறிப்போய் அதைச் சட்டுன்னு மறுபக்கம் திருப்பினா அந்தப் பிடியும் போய் சாய்வு இன்னும் கூடும். சரியான வைத்தியம் வேகத்தைக் குறை, சுக்கானை மெதுவா நடுவுக்குக் கொண்டு வா. எழுத சுலபம், தரை ஏறிட்டு வரும்போது செய்யறது கஷ்டம்.

திருப்பத்துக்கு அடுத்து காத்து. முன்னூறு மீட்டர் நீளத்துல ஒரு அபார்ட்மெண்ட் சுவர் கடல்ல நிக்குதுன்னு வச்சுக்கோங்க, அது காத்தைப் பிடிக்கற ஒரு பெரிய கப்பல் பாய் மாதிரிதான். 2019 மார்ச்ல நியூயார்க்ல இருந்து கிளம்பின நார்வீஜியன் எஸ்கேப்பை ராத்திரி திடீர் காத்து ஒண்ணு அடிச்சு சாய்ச்சுது, 100 நாட் (மணிக்கு சுமார் 185 கி.மீ.) வேகம்னு கம்பெனியே சொன்னாங்க, சிலருக்கு அடி, கப்பல் பயணத்தைத் தொடர்ந்துது. நீங்க பார்த்த வீடியோ எதுன்னு லிங்க் இல்லாம சொல்ல முடியாது, ஆனா சிசிடிவி மாதிரி மேல இருந்து எடுத்தது, பார் மாதிரி ஒரு இடம், ஜனங்க டேபிளோட சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலசற மாதிரி போயிட்டு வர்றாங்கன்னா அது பசிபிக் சன்னா இருக்க நிறைய வாய்ப்பு. 2008ல நியூசிலாந்துக்கு வடக்கே புயல்ல மாட்டினது, 77 பேருக்கு அடி. அதுலயும் கப்பலுக்கு ஆபத்து வரல, கட்டிப்போடாத நாற்காலியும் மேஜையும்தான் வில்லன். சரக்குக் கப்பல்ல நாங்க எல்லாத்தையும் கட்டிடுவோம், சாப்பாட்டு மேஜை விரிப்பைத் தண்ணி தெளிச்சு ஈரமாக்கிடுவோம், தட்டு நகராது. க்ரூஸ்ல ஓட்டல் மாதிரி இருக்கணும்னு அழகுக்காக விட்டு வச்சிருப்பாங்க. எனக்கு இதுல ஒப்புதல் இல்ல, ஆனா என்னை யார் கேட்டா.

இனி நிஜமா பயப்பட வேண்டிய பக்கம். 2012 ஜனவரி 13, இத்தாலியில ஜீலியோ தீவுகிட்ட கோஸ்டா கான்கார்டியா. இது திருப்பத்தாலயோ காத்தாலயோ வந்த சாய்வு இல்ல, தண்ணி புகுந்து வந்த லிஸ்ட், பாறையில மோதி அடி வயிறு ஐம்பது மீட்டருக்கு மேல கிழிஞ்சுது. கப்பலை உள்ள தனித்தனி அறைகளாப் பிரிச்சிருப்பாங்க, அடுத்தடுத்து ரெண்டு அறை நிரம்பினாலும் மிதக்கற மாதிரி கட்டினது, இதுல அஞ்சு அறை போச்சு. மோதினது ராத்திரி 9.45 வாக்கில, கப்பலை விட்டு வெளியேறச் சொன்னது ஒரு மணி நேரத்துக்கும் மேல கழிச்சு. அந்த ஒரு மணி நேரத்துலதான் எல்லாம் போச்சு. ஏன்னா லைஃப் போட்டும் அதை இறக்கற கொக்கியும் 20 டிகிரி சாய்வு வரைக்கும் வேலை செய்யற மாதிரிதான் விதியில இருக்கு, அதைத் தாண்டினா உயர்ந்த பக்கத்துப் படகு கப்பல் உடம்புலயே உரசிக்கிட்டு நிக்கும், தாழ்ந்த பக்கத்துப் படகு கை எட்டாத தூரத்துல தொங்கும். இருந்த 4,229 பேர்ல 32 பேர் செத்தாங்க. கடைசியா கிடைச்ச உடல் நம்ம நாட்டு வெயிட்டர் ஒருத்தரோடது, 2014 நவம்பர்ல, கப்பலைத் தூக்கி நிறுத்தி ஜெனோவாவுக்கு இழுத்துட்டுப் போனதுக்கு அப்புறம். கேப்டனுக்கு 16 வருஷம் ஜெயில். அன்னிக்கு சாயந்திரம் ஏறின பயணிகள்ல அறுநூறு எழுநூறு பேருக்கு மஸ்டர் டிரில்லே (ஆபத்து வந்தா எங்க வந்து கூடணும்னு காட்டற ஒத்திகை) நடக்கல, 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும்ங்கறது அப்ப விதி. 2015 ஜனவரில இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தியாகணும்னு மாத்திட்டாங்க. அந்த டிரில் முன்னாடியெல்லாம் போரடிக்கும், இப்பல்லாம் போன்ல வீடியோ பார்த்துட்டு தங்களோட மஸ்டர் ஸ்டேஷனுக்கு, அதாவது கூட வேண்டிய இடத்துக்கு, ஒரு நடை போய் தலையைக் காட்டினா போதும்னு பல கம்பெனில வந்துடுச்சு. வீடியோவை ஓட விட்டுட்டு காபி குடிக்கப் போற ஆளுங்களையும் பார்த்தேன்.

"அந்த மாதிரி நேரத்துல ரூம்லயே இருக்கணுமா, வெளிய ஓடணுமா"ன்னும் கேட்டிருந்தீங்க. இது எனக்கே நூத்துக்கு நூறு சொல்ல முடியாத இடம். விதி என்னமோ ஊழியர் சொல்றதைக் கேளுங்கறதுதான், பெரும்பாலான நேரம் அதுதான் சரி, ஆயிரம் பேர் ஒரே படியில ஓடினா அதுலயே சாவு விழும். ஆனா கான்கார்டியால கரன்ட் பிரச்சனைதான், ரூமுக்குப் போங்கன்னு சொன்னாங்க. 2014ல தென்கொரியால செவோல்னு ஒரு ஃபெர்ரி (ஆளுங்களையும் வண்டிகளையும் ஏத்திட்டுப் போற கப்பல்), சரியா கட்டாத அளவுக்கு மீறின சரக்கு, அடியில இருக்க வேண்டிய பேலஸ்ட் தண்ணி கம்மி, ஒரு திருப்பத்துல சரக்கு நகர்ந்து சாஞ்சுது, இருந்த இடத்துலயே இருங்கன்னு மைக்ல சொல்லிட்டே இருந்தாங்க, செத்தது 304 பேர், பாதிக்கு மேல பள்ளிக்கூடப் பிள்ளைங்க. ஃபெர்ரியும் க்ரூஸும் ஒண்ணு இல்ல, கார் ஏத்தற ஃபெர்ரியில ஒரு பெரிய திறந்த தளம் இருக்கும், அது வேற ஆபத்து. இருந்தாலும் நான் எங்க வீட்டு ஆளுங்களுக்குச் சொல்றது, இது என் கருத்துதான், விதிப்புத்தகம் இல்ல: சாஞ்சுதா, கடிகாரத்தைப் பாருங்க. ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துல நிமிர்ந்தா திருப்பமோ காத்தோ, உட்கார்ந்து டீ குடிங்க. நிமிராம சாஞ்சபடியே நின்னுட்டு, கொஞ்சம் கொஞ்சமா கூடுற மாதிரி இருந்தா, இல்ல ஆடும்போது அந்தக் கடைசியில போய் நின்னு யோசிச்சு யோசிச்சு திரும்பற மாதிரி இருந்தா, அலாரத்துக்குக் காத்திருக்காம செருப்பைப் போட்டு, மாத்திரைப் பையை எடுத்து, லைஃப் ஜாக்கெட் ரூம்ல இருந்தா அதையும் எடுத்துட்டு மெதுவா மஸ்டர் ஸ்டேஷன் பக்கம் போயிடுங்க. அங்க போய் நிக்கறதுக்கு யாரும் அபராதம் போட மாட்டாங்க. ஏழு குட்டை ஒலி ஒரு நெட்டை ஒலி கேட்டா அதுக்கப்புறம் யோசனையே வேண்டாம். லிஃப்ட்ல மட்டும் ஏறக்கூடாது, என்ன ஆனாலும்.

சாயற அந்த நொடியில செய்ய வேண்டியது அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க ஒண்ணே ஒண்ணுதான், தரையில உட்கார்ந்துடுங்க. அப்படியே, புடவை அழுக்காகும்னு பார்க்காம. நிக்கற அறுபது வயசு உடம்பு விழுந்தா இடுப்பெலும்பு, உட்கார்ந்த உடம்பு வழுக்கினா சிராய்ப்பு. கையில பிடிக்கறது சுவரோட இருக்கற கம்பியா இருக்கட்டும், நாற்காலியா இருக்க வேண்டாம், நாற்காலி அவங்களையும் கூட்டிட்டுப் போகும். கதவு விளிம்புல விரல் வைக்க வேண்டாம், அந்தக் கனமான கதவு அடிச்சு விரல் போனவங்களை நான் பார்த்திருக்கேன். கண்ணாடி, பார், நீச்சல் குளம் பக்கத்துல இருந்தா தவழ்ந்தாவது தள்ளிப் போகணும். ராத்திரி கப்பல் ஆடிட்டே இருந்தா நாங்க செய்யற ஒரு வேலை, லைஃப் ஜாக்கெட்டை மெத்தையோட வெளி ஓரத்துக்கு அடியில சொருகிடுவோம், மெத்தை சுவர்ப்பக்கமா குழியாகி ஆள் தொட்டில்ல படுத்த மாதிரி விழாம தூங்கலாம். அவங்க ரூம்ல லைஃப் ஜாக்கெட் இல்லன்னா, சில கப்பல்ல மஸ்டர் ஸ்டேஷன்லயே வச்சிருப்பாங்க, கூட ஒரு தலகாணி கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க.

நீங்க பார்த்து வச்சிருக்கற சிங்கப்பூர் பயணம் பெரும்பாலும் மலாக்கா ஜலசந்திக்குள்ளயே சுத்தும், ரெண்டு பக்கமும் நிலம், பெரிய அலை எழும்ப இடமே கிடையாது. அந்தப் பக்கம் நான் எத்தனையோ தடவை போயிருக்கேன், கவனிக்க வேண்டியது சுமத்ரா ஸ்குவால்னு சொல்ற திடீர் காத்து மழை, ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும், அனேகமா விடியற நேரத்துல வரும், ரேடார்ல முன்னாடியே சுவர் மாதிரி தெரியும், ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல கடந்துடும். பெரிய கப்பல்ல டம்ளர்ல இருக்கற தண்ணி சாயற அளவுக்குத் தெரியும். அப்புறம் பால்கனி ரூமா உள் ரூமான்னு கேட்டிருந்தீங்க, சாய்வுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, எந்தத் தளம்ங்கறதுதான் பாருங்க. நீளவாக்குல நடுவுல, கீழ் தளங்கள்ல ஒண்ணு, ஆட்டம் கம்மி, அப்பாவுக்கு முழங்கால் வலின்னு எழுதியிருந்தீங்களே, புக் பண்ணும்போது மஸ்டர் ஸ்டேஷன் எந்தத் தளம்னு கேட்டு ரெண்டு மாடிக்குள்ள இருக்கற ரூமா எடுங்க, லிஃப்ட் இல்லாம ஏறி இறங்க முடியணும்.